மூன்று மாதக் கன்றுக்கு எந்தப் புண்ணாக்கு?

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். கட்டுத்தரையில் இப்போது 11 மாடுகள், எல்லாம் ஜெர்சி கலப்பு. அவற்றோடு 4 கிடேரிக் கன்றுகள், ஒரு காளைக் கன்று. மாட்டுக்குத் தீவனம் போடுவதை வீட்டில் யார் வேண்டுமானாலும் செய்வார்கள். கன்றுத் தீவனம் கலப்பது மட்டும் 18 வருடமாக என் கையில்தான் இருக்கிறது. வேறு யாரிடமும் விடமாட்டேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, கன்னுக்கு எந்தப் புண்ணாக்கு வாங்கட்டும்? எதுல புரோட்டீன் சாஸ்தி?" முதல் கேள்வி சரி. இரண்டாவது கேள்வியில்தான் தப்பு ஆரம்பிக்கிறது. மூட்டையில் அச்சடித்த சதவீதத்தைப் பார்த்து மாட்டுக்கு வாங்கலாம். கன்றுக்கு வாங்கும்போது வேறு இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இந்த வயதுக் குடல் அந்தப் புரதத்தைச் செரிக்குமா? அந்தப் புரதத்தோடு சேர்ந்து வேறு என்ன உள்ளே போகிறது?

கன்றின் வயிற்றை முதலில் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. மாட்டுக்கு நான்கு வயிறு. பிறந்த கன்றுக்கு வேலை செய்வது நான்காவது வயிறு மட்டும்தான். கன்று பால் குடிக்கும்போது உணவுக்குழாயின் அடியில் ஒரு மடிப்பு வாய்க்கால் போல மூடிக்கொண்டு, பாலை நேராக நான்காவது வயிற்றுக்குக் கொண்டுபோய்விடும். அங்கே பால் தயிர் போல உறைந்து மெதுவாகச் செரிக்கிறது. பெரிய மாட்டின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. மட்டமான புரதம் போனாலும் அவை அதைத் தின்று வளர்ந்து, கடைசியில் தாங்களே நல்ல புரதமாக மாட்டின் குடலுக்குப் போய்ச் சேரும். கன்றின் வயிற்றில் அந்தக் கூட்டம் இன்னும் குடியேறவில்லை. அதனால் நாம் கொடுக்கும் புரதம் எந்தத் தரத்தில் இருக்கிறதோ, ஏறக்குறைய அதே தரம்தான் கன்றுக்குக் கிடைக்கும்.

தரம் என்றால், புரதத்தைக் கட்டும் துண்டுகளான அமினோ அமிலங்களின் சேர்மானம். கதம்பம் தொடுக்கிறோம் என்று வையுங்கள். மல்லி, கனகாம்பரம், மருவு மூன்றும் வேண்டும். மருவு தீர்ந்துவிட்டால் மல்லி கூடை நிறைய இருந்தாலும் கதம்பம் அந்த இடத்தோடு நின்றுவிடும். கன்றின் உடம்பு சதை கட்டுவதும் இப்படித்தான். பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோவது லைசின் அல்லது மெத்தியோனின் என்ற அமினோ அமிலம். கடலைப் புண்ணாக்கில் இரண்டுமே குறைவு. சோயாவில் லைசின் நிறைய இருக்கிறது, மெத்தியோனின் கொஞ்சம் குறைவு. எள்ளுப் புண்ணாக்கில் மெத்தியோனின் நிறைய, லைசின் குறைவு. ஒன்றின் குறையை இன்னொன்று நிரப்பும். அதனால்தான் நான் ஒரே புண்ணாக்கை நம்புவதில்லை.

பாலில் எதையும் கரைக்காதீர்கள்

முதல் மூன்று வாரத்துக்குச் செடியிலிருந்து வரும் எந்தப் புரதமும் பாலுக்கு மாற்று இல்லை. சீம்பாலைப் பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, முதல் நாளிலேயே உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் தினமும் அதே கணக்கில் பால். 25 கிலோ கன்று என்றால் இரண்டரை லிட்டர். பால் விலையைப் பார்த்து, சோயா மாவைக் கரைத்துப் பாலோடு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சோயாப் புரதம் நான்காவது வயிற்றில் உறையாது, அரைகுறையாகச் செரித்துக் கீழே ஓடிவிடும். அதோடு சோயாவில் இருக்கும் சில புரதங்களைச் சின்னக் கன்றின் குடல் அந்நியப் பொருளாகப் பார்த்து ஒவ்வாமையைக் காட்டும். குடலின் உள்பக்கத்து மெல்லிய ரோமம் போன்ற பகுதி தேய்ந்துபோகும். பிறகு என்ன, கழிச்சல்தான். கடையில் பால் மாற்றுப் பவுடர் வாங்கினாலும் புரதம் எதிலிருந்து வருகிறது என்று பாருங்கள். கொழுப்பு நீக்கிய பால் பவுடர், மோர்த் தெளிவு (பால் திரியும்போது பிரியும் தண்ணீர்) என்று இருந்தால் நல்லது. சோயாதான் பெரும்பங்கு என்றால், மூன்று வாரத்துக்கு உட்பட்ட கன்றுக்கு நான் கொடுக்கமாட்டேன்.

கெட்டித் தீவனத்தில் அதே சோயா நல்லது. இதைச் சொன்னால் குழப்பமாக இருக்கும். கெட்டித் தீவனம் அந்த வாய்க்கால் வழியாகப் போகாமல் முதல் வயிற்றில் விழுகிறது. அங்கே அது புளிக்கும்போது வரும் அமிலங்கள்தான் அந்த வயிற்றின் உள்சுவரை வளர வைக்கின்றன. கன்று தின்னத் தின்ன, அதைச் செரிக்கும் இடமும் கூடவே வளரும்.

சோயா

எங்கள் நாமக்கல் மாவட்டத்தில் கோழிப் பண்ணைகள் இருப்பதால் சோயாத் தவுடும் மக்காச்சோளமும் வருடம் முழுக்கக் கிடைக்கும். சோயாத் தவுடு என்பது எண்ணெய் எடுத்த சோயா. அதில் புரதம் 44 முதல் 48 சதவீதம். கன்றுத் தீவனத்தில் என் முதல் தேர்வு இதுதான்.

ஆனால் வெந்த சோயாவாக இருக்க வேண்டும். பச்சைச் சோயாவில் டிரிப்சின் தடுப்பான் என்று ஒன்று இருக்கிறது. புரதத்தைச் செரிக்க வைக்கும் நொதியையே அது கட்டிப்போட்டுவிடும். சூடு பட்டால் அது அழியும். ஆலையில் சரியாகச் சூடு காட்டினார்களா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு மூட்டைக்கும் நான் இதைச் செய்கிறேன்.

மூடியுள்ள பழைய கண்ணாடிப் பாட்டிலில் இரண்டு ஸ்பூன் சோயாத் தவுடு, அரை ஸ்பூன் யூரியா, அது நனையும் அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர். கலக்கி, இறுக மூடி, 20 நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு மூடியைத் திறந்து மூக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்து முகருங்கள். பச்சைச் சோயாவில் யூரியேஸ் என்ற நொதி உயிரோடு இருக்கும். அது யூரியாவை உடைத்து அமோனியா ஆக்கும், சுருக்கென்று மூக்கில் ஏறும். அப்படி ஏறினால் அந்த மூட்டை வேகவில்லை. வெறும் ஈரத் தவுட்டு வாசம் வந்தால் சரி. சூட்டுக்கு யூரியேஸும் டிரிப்சின் தடுப்பானும் சேர்ந்தே அழிவதால் ஒன்றை வைத்து மற்றதைத் தெரிந்துகொள்கிறோம். பார்த்து முடித்ததும் அந்தத் தண்ணீரை மாடு கன்று வாய்வைக்காத இடத்தில் கொட்டிவிடுங்கள்.

அதிகம் வெந்தாலும் கெடுதல். தவுடு வெளிறிய மஞ்சளாக, வறுத்த பருப்பு வாசத்தோடு இருக்க வேண்டும். காப்பிப்பொடி நிறத்துக்குப் போயிருந்தால் லைசின் கருகிக் கட்டிக்கொண்டிருக்கும், கன்றுக்குக் கிடைக்காது. மூட்டையில் 46 சதவீதம் என்றே போட்டிருக்கும், அது பொய்யும் இல்லை. ஆனால் கன்றுக்குப் பயன்படாது.

கடலைப் புண்ணாக்கு

கன்றுக்கு ரொம்பப் பிடித்தது இது. 40 முதல் 45 சதவீதம் புரதம், நல்ல வாசம், செக்கில் ஆட்டியது என்றால் எண்ணெயும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் கன்றுக்கு இது ஒன்றுதான். அதற்குத்தான் ஒரு கிடேரியைப் பறிகொடுத்தேன்.

ஐப்பசி மழை. மூட்டையைச் சுவரோரம் தரையிலேயே சாய்த்து வைத்திருந்தேன். சுவர் ஓதம் ஏறியது தெரியவில்லை. மேலே பார்த்தால் புண்ணாக்கு நன்றாகத்தான் இருந்தது. நான்கு மாதக் கிடேரி ஒன்று தீவனத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. ரோமம் முரடு தட்டியது. பிறகு பல்லை நறநறவென்று கடிக்க ஆரம்பித்தது. சாணம் போட முக்கி முக்கி நின்றது. குடல்புழு என்று நினைத்து மருந்து கொடுத்தேன். டாக்டர் வந்து கன்றைப் பார்த்துவிட்டு நேராகத் தீவன அறைக்குள் போனார். "ஏம்மா, இந்த மூட்டை எத்தனை நாளா செவுத்தோரமா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே அடியிலிருந்து ஒரு கட்டியை எடுத்து உடைத்தார். உள்ளே பச்சையும் மஞ்சளுமாகப் பூசணம். இரண்டு நாளில் கன்று போய்விட்டது. அதன் தாய் அந்தப் பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது இன்னும் என் காதில் இருக்கிறது. மூட்டை வைத்தது நான். அன்றிலிருந்து கன்றுத் தீவனத்தை வேறு கைக்கு விடவில்லை.

அந்தப் பூசணம் விடும் நச்சு அஃப்ளடாக்சின். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேலான வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. அவற்றுக்குப் போட்ட கடலைப் புண்ணாக்கில்தான் இந்த நச்சை முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். மாட்டுத் தீவனத்தில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம்தான் உச்சவரம்பு, அதாவது ஒரு டன்னுக்கு 20 மில்லிகிராம். கண்ணுக்குத் தெரிகிற அளவே இல்லை. பெரிய மாட்டைவிடக் கன்றின் ஈரலை இது சீக்கிரம் தாக்கும். வெயிலில் காயவைத்தால் பூசணம் காயும், நச்சு போகாது. தட்டி உதறிப் போட்டாலும் போகாது. அதனால் கட்டியாக, சிக்கு வாசத்தோடு, நிறம் மாறி இருப்பதை எவ்வளவு காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் கன்றுக்குப் போடாதீர்கள்.

இப்போது நான் செய்வது: 15 நாளுக்கு ஆகும் அளவுதான் வாங்குவேன். மூட்டை மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கடலைப் புண்ணாக்கைக் கன்றுத் தீவனத்திலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோயாவைக் கூட்டிவிடுவேன். மொத்தமாக வாங்குகிறவர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்தில் மாதிரி கொடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. மாதிரியை மேலிருந்து மட்டும் எடுக்காமல் மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலும் எடுங்கள். பூசணம் ஒரே சீராக இருக்காது.

மற்றவை

எள்ளுப் புண்ணாக்கு நூற்றுக்கு நான்கு ஐந்து பங்கு போதும். சோயாவின் மெத்தியோனின் குறையைச் சரிக்கட்டத்தான். கொஞ்சம் கசப்பு, கூட்டினால் கன்று முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். தேங்காய்ப் புண்ணாக்கு வாசமானது, ஆனால் புரதம் 20, 22 சதவீதம்தான், சீக்கிரம் சிக்கு அடிக்கும். சூரியகாந்திப் புண்ணாக்கில் நார் அதிகம், கன்றுக்கு வேண்டாம். கொள்ளில் 22 சதவீதம் வரை புரதம் உண்டு. வேகவைத்துக் கொடுத்தால் நல்லது, பச்சையாக அரைத்துப் போடாதீர்கள். உளுந்தம் பொட்டு, துவரம் பொட்டு எல்லாம் நாரும் தோலும்தான். நான்கு மாதத்துக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

விலையை ஒப்பிடும்போது கிலோ விலையைப் பார்க்காமல் புரத விலையைப் பாருங்கள். ஒரு கணக்குக்கு, சோயா கிலோ 50 ரூபாய், புரதம் 45 சதவீதம் என்றால் ஒரு கிலோ புரதம் 111 ரூபாய். தேங்காய்ப் புண்ணாக்கு கிலோ 35 ரூபாய், புரதம் 21 சதவீதம் என்றால் ஒரு கிலோ புரதம் 167 ரூபாய். விலை நாளுக்கு நாள் மாறும், கணக்கு போடும் முறை இதுதான்.

பருத்திக்கொட்டையைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். கறவை மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் மாமியார் கன்றுக்கும் ஆசையாக ஒரு சொம்பு ஊற்றுவார். பருத்தி விதைக்குள் காசிபால் என்ற நச்சு இருக்கிறது. வளர்ந்த மாட்டின் முதல் வயிறு அதைக் கட்டிச் செயலிழக்கச் செய்துவிடும். கன்றின் வயிற்றுக்கு அந்தத் திறன் இல்லை. நாள்கணக்கில் உள்ளே சேர்ந்து இதயத்தைப் பாதிக்கும். மூச்சு வாங்கும், நன்றாக நின்ற கன்று திடீரென்று விழும். மாமியாரிடம் இதைச் சொன்னபோது, "எத்தனை கன்னு வளர்த்திருக்கேன், எனக்குத் தெரியாததா?" என்றார். பிறகு டாக்டர் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். அடுத்த நாளிலிருந்து அவரே, "கன்னுக்கு ஊத்திராத கண்ணு" என்று எனக்கு நினைவுபடுத்த ஆரம்பித்துவிட்டார். பருத்திக்கொட்டையும் அதன் புண்ணாக்கும் நான்கு மாதம் வரை கிட்டேயே வேண்டாம்.

ஆமணக்கு, வேம்பு, இலுப்பைப் புண்ணாக்குகள் உரம்தான், தீவனமே இல்லை. ஆனால் கடையில் எல்லாம் ஒரே கிடங்கில்தான் இருக்கும், ஒரே சட்டியில் அள்ளுவார்கள். ஆமணக்குப் புண்ணாக்கு அள்ளிய சட்டியில் கன்றுக்கு அள்ள விடாதீர்கள். வாய் தைத்த மூட்டையாக வாங்குங்கள்.

அப்புறம் யூரியா. ஆய்வகத்தில் தழைச்சத்தை (நைட்ரஜன்) அளந்து 6.25-ஆல் பெருக்கித்தான் புரதச் சதவீதம் சொல்வார்கள். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. பெருக்கினால் 287. அதாவது 100 கிலோ தீவனத்தில் ஒரு கிலோ யூரியாவைக் கலந்தால் தாளில் புரதம் கிட்டத்தட்ட 3 சதவீதம் ஏறிவிடும். பெரிய மாட்டின் நுண்ணுயிர்கள் அளவான யூரியாவைப் பயன்படுத்திக்கொள்ளும். கன்றுக்கு அது நேராக விஷம். கறவை மாட்டு மூட்டைத் தீவனத்தில் யூரியா சேர்ந்திருக்கலாம். தாய்க்கு வைத்ததிலிருந்து ஒரு கை அள்ளிக் கன்றுக்குப் போடுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

தழைகளில் வேலிமசால், குதிரைமசால், அகத்தி மூன்றும் நல்ல புரதம். கன்றுக்கு ஒரு மாதம் ஆன பிறகு, தழையை வாடவைத்துக் கொஞ்சமாகக் கட்டித் தொங்கவிடுங்கள். சவுண்டல் (சூபாபுல்) தழையில் மைமோசின் என்ற நச்சு இருப்பதால் கன்றுக்கு வேண்டாம். தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாவை வளர்த்தால் புண்ணாக்குச் செலவே இல்லை என்று சிலர் நம்பி ஏமாறுகிறார்கள். காய்ந்த அசோலாவில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் இருப்பது உண்மை. ஆனால் பச்சை அசோலா பெரும்பகுதி தண்ணீர். ஒரு கிலோ அள்ளிப் போட்டால் 15 கிராம் அளவுக்குத்தான் புரதம். அதே 15 கிராம் ஒரு சின்னக் கைப்பிடி சோயாவில் வந்துவிடும். கன்றின் சின்ன வயிற்றைத் தண்ணீரால் நிரப்பாதீர்கள்.

நான் கலக்கும் கணக்கு

100 கிலோவுக்கு: மக்காச்சோளம் 46, சோயாத் தவுடு 24, கடலைப் புண்ணாக்கு 8, எள்ளுப் புண்ணாக்கு 4, கோதுமைத் தவிடு 9, மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகு) 6, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1. கூட்டிப் பார்த்தால் புரதம் சுமார் 21 சதவீதம். ஈரத்தைக் கழித்து உலர்நிலையில் 23-ஐத் தாண்டும். கன்றின் ஆரம்பத் தீவனத்துக்கு நம் நாட்டுத் தரநிலை கேட்பது 23 முதல் 26. மொலாசஸ் கிடைக்காவிட்டால் நாட்டுச் சர்க்கரை பாதி அளவு சேர்த்து, மீதியை மக்காச்சோளத்தில் கூட்டிக்கொள்கிறேன். மாவு மில்லில் கொடுக்கும்போது, "ரவை பதத்துக்கு மேல, உடைச்ச மாதிரி இருக்கட்டும்" என்று பக்கத்தில் நின்று சொல்வேன். மாவாக அரைத்தால் கன்றின் மூக்கில் ஒட்டும், தும்மிவிட்டுப் போய்விடும்.

ஏழாம் நாள் ஆரம்பிக்கலாம். பால் குடித்து முடித்த கன்று எதையாவது சப்பத் தேடும். அந்த நேரத்தில் ஒரு சிட்டிகைத் தீவனத்தை விரலில் எடுத்து அதன் நாக்கில் வையுங்கள். நான்கைந்து நாளில் தானே தொட்டிக்கு வரும். தொட்டியில் இரவு மிச்சம் இருந்தால் காலையில் எடுத்துப் பெரிய மாட்டுக்குப் போட்டுவிட்டு, கன்றுக்குப் புதிதாக வையுங்கள். பக்கத்திலேயே நல்ல தண்ணீர் இருக்க வேண்டும். பால் குடிக்கிறதே, தண்ணீர் எதற்கு என்று கேட்பார்கள். பால் நான்காவது வயிற்றுக்குப் போகிறது. முதல் வயிற்றில் நுண்ணுயிர்கள் பெருகத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் வைக்காத கன்று தீவனம் சரியாகத் தின்னாது.

பாலை எப்போது நிறுத்துவது என்பதை வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள். தொடர்ந்து மூன்று நாள், நாளுக்கு ஒரு கிலோ தீவனம் தின்றால் நிறுத்தலாம்.

கலவை வேலை செய்கிறதா என்று பார்க்கத் தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். தோள் முனையிலிருந்து வாலடியில் துருத்தி நிற்கும் எலும்பு வரை நீளம் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை வரும். போன வருடக் கிடேரி ஒன்று ஒரு மாதத்தில் சுற்றளவு 28, நீளம் 26. எடை 31 கிலோ. மூன்று மாதத்தில் 36, 32. எடை 63 கிலோ. 60 நாளில் 32 கிலோ, நாளுக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல். கலப்பினக் கன்றுக்கு இது நல்ல வளர்ச்சி. நாளுக்கு 300 கிராமுக்குக் கீழே போனால் முதலில் தீவன அறைக்குள் போய் மூட்டையின் அடியைப் பாருங்கள், பிறகு குடல்புழுவைப் பாருங்கள்.

நான்கு மாதத்துக்குப் பிறகு பொட்டு, தேங்காய்ப் புண்ணாக்கு என்று விலை குறைந்தவற்றை வாரம் கொஞ்சமாகச் சேர்த்துச் சோயாவைக் குறைத்துக்கொண்டு வரலாம். ஆறு மாதத்தில் முதல் வயிறு முழுதாக வேலை செய்யும்.

இப்போது கட்டுத்தரையில் இருக்கும் சின்னக் கிடேரிக்கு நேற்றோடு 41 நாள். நேற்று 620 கிராம் தின்றது. ஒரு கிலோ வரும் வரை அதற்குக் காலையும் மாலையும் பால் உண்டு.